பெயரும் ஆக்கியோனும்: லெஸ் பால் மின் கிட்டாரின் வடிவமைப்பு வளர்ச்சி (1952–1960)

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள கலமசூ நகரில் இயங்கிய கிப்சன் நிறுவனம் 1952இல் 'லெஸ் பால்' என்னும் திண்ம உடல் மின் கிட்டாரை வெளியிட்டது. 1960 வரை அக்கருவி அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை நிரல்பட ஆராய்கிறது. தந்திப்பிடி, குதிரை, பிக்கப், மேற்பூச்சு, தண்டி ஆகிய ஐந்து கூறுகளில் நிகழ்ந்த மாற்றங்களுள் முதன்மையானவை, முன்னைய வடிவத்தின் குறைகளைக் களையும் முயற்சிகளாக அமைந்தன என்பதும், கருவி தன் நிறைவடிவை எட்டிய ஆண்டுகளிலேயே சந்தையில் தோல்வியுற்றது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. கருவியின் தலையில் பொறிக்கப்பட்ட பெயருக்கும் அதன் ஆக்கத்திற்கும் உள்ள உறவு யாது என்னும் வினாவுக்குக் கருவியின் உடலையே சான்றாகக் கொண்டு விடை காண இக்கட்டுரை முயல்கிறது.

திறவுச்சொற்கள்: திண்ம உடல் மின் கிட்டார், லெஸ் பால், கிப்சன், குதிரை, ஹம்பக்கர், காப்புரிமை, ஆக்கியோன்.

1. முன்னுரை

இசைக்கருவியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனை ஒரு தனிமனிதரின் கண்டுபிடிப்பாகவே கூறத் தொடங்குவர். கருவிக்கு ஒருவர் பெயர் அமைந்துவிட்டால் அப்போக்கு மேலும் உறுதிப்படும். லெஸ் பால் கிட்டார் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. லெஸ் பால் (1915–2009) புகழ்பெற்ற கிட்டார்க் கலைஞர். பல்தட ஒலிப்பதிவின் முன்னோடிகளுள் ஒருவர். அவர் பெயரால் வழங்கும் கிட்டாரை அவரே உருவாக்கினார் என்பது பொதுமக்களிடையே பரவலான கருத்து. நிறுவனத்தின் தலைவராயிருந்த டெட் மெக்கார்ட்டி (1909–2001) பிற்காலத்தில் அளித்த பேட்டிகளில் இக்கருத்தை ஏற்கவில்லை. கருவி ஏற்கெனவே தம் பணியாளர்களால் உருவாக்கப்பட்டிருந்தது என்றும், லெஸ் பால் அளித்த பங்கு சிறிதே என்றும் அவர் கூறினார். லெஸ் பாலோ வடிவமைப்பில் தமக்குப் பெரும்பங்கு உண்டென இறுதிவரை உரைத்துவந்தார்.

இருவரும் பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து பேசியவர்கள். இருவருக்கும் தத்தம் கூற்றில் நலன் இருந்தது. எனவே கூற்றுகளை மட்டும் எடைபோட்டு இவ்வழக்கைத் தீர்த்தல் அரிது. ஒரு நூலின் ஆக்கியோன் குறித்து மரபுவழிச் செய்திகள் முரணும்போது ஆய்வாளர் நூலின் அகச்சான்றுகளுக்குத் திரும்புவர். அந்நெறியே இங்கும் பின்பற்றப்படுகிறது. எஞ்சியுள்ள கருவிகளும் காப்புரிமை ஆவணங்களும் இக்கட்டுரைக்கு முதன்மைச் சான்றுகளாகும்.

2. கலைச்சொற்களும் சான்றுகளின் தன்மையும்

கிட்டாரின் உறுப்புகளுக்குத் தமிழில் நிலைபெற்ற சொற்கள் சிலவே. எனினும் வீணை செய்வோரிடத்தும் இசைப்போரிடத்தும் வழங்கும் சொற்கள் பல இங்குப் பொருந்துகின்றன. தந்திகளைத் தாங்கி நிற்கும் உறுப்பு குதிரை. விரல் பதியும் இடங்களைப் பகுக்கும் உலோகக் கம்பிகள் மெட்டுகள். அவை பொருத்தப்பெற்ற நீண்ட உறுப்பு தண்டி. தந்திகளின் அடிமுனையை இறுகப் பற்றும் உறுப்பு இக்கட்டுரையில் தந்திப்பிடி எனப்படுகிறது. தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் காந்தச் சுருள் அமைப்பு பிக்கப் என்ற வழக்குச் சொல்லாலேயே சுட்டப்படுகிறது.

இக்கருவிகளின் காலத்தைக் கணிப்பதற்குக் கருவியிலேயே குறிப்புகள் உள்ளன. 1952ஆம் ஆண்டின் தொடக்கக் கருவிகளில் தொடரெண் இல்லை; தண்டியின் விரற்பலகைக்கு ஓரப்பட்டையும் இல்லை. 1953 முதல் தலைப்பகுதியின் பின்புறத்தில் மையால் எண் முத்திரையிடப்பட்டது. அதன் முதல் இலக்கம் ஆண்டைக் குறிக்கும். உள்ளே பொருத்தப்பட்ட ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழ்களின் மீதும் அவை செய்யப்பட்ட ஆண்டும் வாரமும் குறியீடாகப் பொறிக்கப்பட்டுள்ளன. உறுப்புகள் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதால் இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்தல் பொருந்தாது. பல குறிப்புகள் ஒத்துவருமிடத்தே காலக்கணிப்பு வலுப்பெறும்.

3. 1952க்கு முன்

உள்ளீடற்ற உடலுடைய கிட்டாரை மின்வயப்படுத்தியபோது ஓர் இடர் எழுந்தது. ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை கருவியின் மெல்லிய மேற்பலகையை மீண்டும் அதிரச் செய்யும். அவ்வதிர்வு பிக்கப்பின் வழியே மறுபடியும் ஒலிபெருக்கியை அடையும். முடிவில் கட்டுக்கடங்காத ஊளை தோன்றும். உடலைத் திண்மமாக்கினால் மேற்பலகை எளிதில் அதிராது. இடரும் பெருமளவு குறையும். திண்ம உடலின் தோற்றத்திற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இத்தீர்வை நோக்கிப் பலர் தனித்தனியே நடந்தனர். 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம்ப் வடிவமைத்து ரிக்கன்பேக்கர் நிறுவனம் வெளியிட்ட, மடியில் கிடத்தி இசைக்கும் கிட்டார் வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. அதற்கு 1937இல் காப்புரிமை கிட்டியது. லெஸ் பால் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கிலிருந்த எபிஃபோன் தொழிற்சாலையில் விடுமுறை நாள்களில் பணிசெய்து, நான்கு அங்குலச் சதுரமுடைய ஒரு மரக்கட்டையின் மீது தந்திகளைப் பூட்டினார். அதனைக் கிட்டாராகக் காட்டும்பொருட்டு, அறுத்த கிட்டார் உடலின் இரு பாதிகளை இருபுறமும் பொருத்தினார். 'கட்டை' என்றே அவர் பெயரிட்ட அக்கருவியை 1940களில் கிப்சன் நிறுவனத்திடம் கொண்டுசென்றபோது அது ஏற்கப்படவில்லை. 1948இல் பால் பிக்ஸ்பி, இசைக்கலைஞர் மெர்ல் டிராவிசுக்காகத் திண்ம உடல் கிட்டார் ஒன்றைச் செய்தளித்தார்.

1950இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் இதனைத் தொழிற்சாலைப் பொருளாக்கினார். தட்டையான மரப்பலகை உடல், திருகாணிகளால் இணைக்கப்பட்ட தண்டி என அக்கருவி எளிமையின் உருவாக அமைந்தது. 1951 முதல் அது டெலிகாஸ்டர் எனப்பட்டது. அதன் விற்பனை, மரபுவழிக் கைவினையில் பெருமை கொண்டிருந்த கிப்சன் நிறுவனத்தைத் தன் முந்தைய மறுப்பை மறுசிந்தனை செய்ய வைத்தது. 1944 முதல் சிகாகோ மியூசிக்கல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் குழுமத்தின் உடைமையாயிருந்த கிப்சனில் மெக்கார்ட்டி 1948இல் சேர்ந்து, 1950இல் தலைவரானார். திண்ம உடல் கிட்டார்ப் பணி அவர் காலத்திலேயே தொடங்கிற்று.

4. முதல் வடிவமும் அதன் முரணும்

போட்டியாளர் எளிதில் செய்யவியலாத ஒன்றைச் செய்வதே கிப்சனின் நோக்கமாயிருந்தது. நிறுவனத்தின் மூலவர் ஆர்வில் கிப்சன் 1898இல் பெற்ற காப்புரிமையே குடைந்து செதுக்கிய மேற்பலகை கொண்ட மேண்டலினைப் பற்றியதாகும். மேற்பலகையை வில்லென வளைத்துச் செதுக்கும் எந்திரங்களும் தேர்ச்சியும் கலமசூவில் இருந்தன, ஃபெண்டரிடம் இல்லை. ஆகவே மகோகனி மரத்தாலான உடலின் மீது மேப்பிள் பலகையை ஒட்டி, அதனை வளைவாகச் செதுக்கினர். தண்டி மகோகனி; அது உடலோடு பசையால் பிணைக்கப்பட்டது. விரற்பலகை ஈட்டி மரத்தாலானது, மெட்டுகள் இருபத்திரண்டு, தந்தியின் அளவுநீளம் 24¾ அங்குலம். மேற்பலகைக்குப் பொன்னிறப் பூச்சு அளிக்கப்பட்டது. வால்டர் ஃபுல்லர் 1946இல் வடிவமைத்த ஒற்றைச்சுருள் 'பி-90' பிக்கப்புகள் இரண்டு பொருத்தப்பட்டன.

மேரி ஃபோர்டுடன் இணைந்து லெஸ் பால் வெளியிட்ட இசைத்தட்டுகள் அப்போது நாடெங்கும் புகழ்பெற்றிருந்தன. அவர் பெயரைக் கருவிக்குச் சூட்டவும், அவர் பொதுமேடைகளில் கிப்சன் கருவியையே இசைக்கவும் ஒப்பந்தம் ஏற்பட்டது. அவருடைய கண்டுபிடிப்பான ஒரு தந்திப்பிடியும் கருவியில் இடம்பெற்றது. சரிவகம் போன்ற கம்பிச்சட்டமும் அதன் முனையில் ஒரு குறுக்குத்தண்டும் கொண்ட இவ்வமைப்பு தந்திப்பிடியாகவும் குதிரையாகவும் ஒருசேரப் பயன்பட்டது.

இவ்விடத்திலேயே முதல் வடிவத்தின் முரண் வெளிப்படுகிறது. உடலின் நடுப்பகுதி வளைவால் உயர்ந்து நிற்கிறது. தண்டியோ ஓரிரு பாகையளவே பின்சாய்ந்து, ஏறத்தாழ உடலுக்கு இணையாகப் பொருத்தப்பட்டது. இதனால் தந்திகள் மேற்பலகையை மிக நெருங்கிச் சென்றன. குறுக்குத்தண்டின் மேலாகத் தந்திகளைக் கொண்டுசெல்லப் போதிய தாழ்வு கிட்டவில்லை. எனவே அவற்றைத் தண்டின் அடியில் செலுத்த வேண்டியதாயிற்று. விளைவுகள் இரண்டு. வலக்கையின் உள்ளங்கைப் பகுதியைக் குதிரையருகே ஊன்றித் தந்திகளை அடக்கி வாசிக்கும் உத்தி, லெஸ் பாலின் சொந்த வாசிப்புக்கே இன்றியமையாதது, இயலாமற் போயிற்று. ஒவ்வொரு தந்தியின் சுரத்தூய்மையையும் தனித்தனியே சீர்செய்யவும் வழியில்லை.

இக்குறை தந்திப்பிடியின் இயல்பான குறையன்று. இதே தந்திப்பிடி 1952இல் வெளிவந்த இ.எஸ்.-295 என்னும் உள்ளீடற்ற கிட்டாரில், தந்திகள் மேலாகச் செல்லுமாறு முறையாகப் பொருந்தியது. ஆகவே உடலும் தந்திப்பிடியும் தனித்தனியே குறையற்றவை. ஒன்றுசேர்ந்தபோதே குறை தோன்றிற்று. முழுக் கருவியையும் ஒருவரே ஒரே நோக்கில் வடிவமைத்திருப்பின் இப்பொருத்தமின்மை நேர்ந்திராது. இரு வேறு கைகளின் ஆக்கங்கள் இறுதிக் கட்டத்தில் இணைக்கப்பட்டன என்பதற்கு 1952ஆம் ஆண்டுக் கருவியின் உடலே சான்று பகர்கிறது.

5. குதிரையின் மூன்று நிலைகள்

இம்முரணைக் களையும் முயற்சியே அடுத்த மூன்றாண்டு வரலாறு. 1953ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சரிவகச் சட்டம் நீக்கப்பட்டது. அதற்கு மாற்றாக, உடலில் பதித்த இரு ஊன்றாணிகளின் மீது அமரும் ஒற்றை உலோகத் தண்டு வந்தது. தண்டியின் சாய்வும் கூட்டப்பட்டது. தந்திகள் முன்புறமிருந்து நுழைந்து, தண்டைச் சுற்றி மேலேறித் தண்டியை நோக்கிச் சென்றன. கை ஊன்றும் இடர் இவ்வாறு தீர்ந்தது. சுரத்தூய்மை இடர் முழுமையாகத் தீரவில்லை. தண்டின் இரு முனைகளிலுமிருந்த சிறு திருகுகளால் தண்டு முழுவதையும் சற்றே சாய்க்க மட்டுமே இயன்றது.

சுரத்தூய்மை குறித்து இங்கு ஒரு விளக்கம் தேவை. தந்தியை மெட்டின்மீது அழுத்தும்போது அது சிறிது இழுபடும். அதன் விறைப்பு மிகும். சுரம் கணக்கிட்டதினும் சற்று உயரும். இவ்வுயர்வின் அளவு தந்தியின் பருமனுக்கும் அமைப்பிற்கும் ஏற்ப வேறுபடும். ஆகவே ஒவ்வொரு தந்தியின் அதிர்வு நீளத்தையும் தனித்தனியே நீட்டி ஈடுசெய்ய வேண்டும். ஆறு தந்திகளுக்கும் ஒரே தண்டு குதிரையாக நிற்கும்போது இது நிறைவேறாது.

மூன்றாம் நிலையில் குதிரையின் பணியும் தந்திப்பிடியின் பணியும் பிரிக்கப்பட்டன. 'ட்யூன்-ஓ-மேட்டிக்' எனப் பெயரிட்ட புதிய குதிரையில் ஆறு சிறு தாங்கிகள் உள்ளன; ஒவ்வொன்றையும் திருகால் முன்னும் பின்னும் நகர்த்தலாம். பழைய ஒற்றைத் தண்டு பின்னே தள்ளப்பட்டுத் தந்திப்பிடியாக மட்டும் நின்றது. இவ்வமைப்பு முதலில் 1954இல் 'லெஸ் பால் கஸ்டம்' என்னும் கரிய உயர்விலை வகையிலும், 1955ஆம் ஆண்டின் இறுதியளவில் பொன்னிறக் கருவியிலும் இடம்பெற்றது.

காப்புரிமை ஆவணங்கள் இவ்விடத்தில் மேலும் ஒரு செய்தி தருகின்றன. சரிவகத் தந்திப்பிடிக்கு லெஸ் பால் விண்ணப்பித்ததும், ஆறு தாங்கிக் குதிரைக்கு மெக்கார்ட்டி விண்ணப்பித்ததும் 1952ஆம் ஆண்டின் ஒரே ஜூலைத் திங்களில், சில நாள் இடைவெளியில். உரிமை வழங்கப்பட்டதும் 1956இல் அடுத்தடுத்த திங்களில். குறையுடைய அமைப்பு சந்தைக்கு வந்த காலத்திலேயே அதன் தீர்வு எழுத்து வடிவில் இருந்தது. ஆனால் பொன்னிறக் கருவியைச் சென்றடைய அத்தீர்வுக்கு மூன்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வடிவமைப்பு வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் நாள்வரிசையாக மட்டும் எழுதுதல் ஏன் போதாது என்பதை இது உணர்த்தும்.

6. ஹம்பக்கரும் பிழையான எண்ணும்

ஒற்றைச்சுருள் பிக்கப் தந்தியின் அதிர்வோடு சுற்றுப்புற மின்கம்பிகளும் மின்மாற்றிகளும் எழுப்பும் இரைச்சலையும் பற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் இவ்விரைச்சல் நொடிக்கு 60 சுழற்சி கொண்ட மின்வழங்கலிலிருந்து வருவது. நிறுவனத்தின் பொறியாளர் செத் லவர் (1910–1997) இதற்கு இரட்டைச்சுருள் முறையில் தீர்வு கண்டார். இரு சுருள்களும் எதிரெதிர்த் திசையில் இணைக்கப்பட்டு, அவற்றின் காந்த முனைகளும் எதிரெதிராக அமைக்கப்பட்டன. வெளியிரைச்சல் இரு சுருள்களிலும் எதிர்நிலையில் தோன்றி ஒன்றையொன்று அழிக்கும். தந்தியின் குறிப்பு, சுருளும் காந்தமும் இரண்டும் தலைமாறியிருப்பதால், ஒரே நிலையில் தோன்றி ஒன்றோடொன்று கூடும். இக்கோட்பாடு முற்றிலும் புதியதன்று. ரே பட்ஸ் என்பவரும் அதே காலத்தில் கிரெட்ச் நிறுவனத்திற்காக இம்முறையில் ஒரு பிக்கப்பை உருவாக்கினார். லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957இல் ஹம்பக்கர் லெஸ் பால் கிட்டார்களில் பி-90இன் இடத்தைப் பெற்றது.

இப்பிக்கப்பின் அடித்தட்டில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதிய சிறு ஒட்டுப்பட்டை உள்ளது. 1959 ஜூலையில் உரிமை வழங்கப்பட்ட பின்னரும் 1962 வரை அதே பட்டை ஒட்டப்பட்டுவந்தது. அதன்பின் எண் தாங்கிய பட்டை வந்தது. அப்பட்டையிலுள்ள எண் 2,737,842. லவரின் காப்புரிமை எண் 2,896,491. பட்டையில் அச்சான எண் லெஸ் பாலின் சரிவகத் தந்திப்பிடிக்கு உரியது. இது கவனக்குறைவால் நேர்ந்ததென்பர் சிலர். போட்டியாளரைத் திசைதிருப்பவே இடப்பட்டதென்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், லவரின் ஆக்கத்தின் மீது லெஸ் பாலின் உரிமை எண் பதிந்து ஆண்டுக்கணக்கில் உலவியது. கருவியின் மீதுள்ள எழுத்தை ஆக்கச்சான்றாக அப்படியே கொள்ளலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

சுருள்களுக்குள் பதியாத மற்றொரு கையும் உண்டு. ஒவ்வொரு சுருளிலும் ஏறத்தாழ 5,000 சுற்றுகள் இருத்தல் வேண்டும். தொடக்க ஆண்டுகளில் சுற்றெண்ணிக்கை துல்லியமாகக் கட்டுப்படுத்தப்படவில்லை. எந்திரத்தை இயக்கியவரின் மதிப்பீட்டிற்கேற்ப எண்ணிக்கை கூடியும் குறைந்தும் அமைந்தது. காந்தங்களின் வலிமையும் ஒருபடித்தாய் இல்லை. இதனால் ஒரே ஆண்டைச் சேர்ந்த இரு கருவிகளின் ஒலி வேறுபடுகிறது. இன்று சேகரிப்போர் தனித்தன்மை என்று போற்றுவது, பெயர் பதியப்பெறாத தொழிலாளரின் கைவேறுபாட்டையே.

7. பூச்சும் மெட்டும் தண்டியும்: 1958–1960

நிறுவனத்தின் அனுப்புப் பதிவேடுகளிலிருந்து தொகுத்து வெளியிடப்பட்ட எண்ணிக்கையின்படி, 1953இல் 2,245 பொன்னிறக் கருவிகள் அனுப்பப்பட்டன. 1957இல் அத்தொகை 598ஆகச் சரிந்தது. குறைகள் ஒவ்வொன்றாகக் களையப்பட்ட காலத்தில் விற்பனை நான்கில் ஒரு பங்கினும் சற்றே மிகுதியாகச் சுருங்கியது நோக்கத்தக்கது.

பொன்னிறமே விற்பனைக்குத் தடையென நிறுவனம் கருதியது. 1958ஆம் ஆண்டின் இடையில் பூச்சு மாறிற்று. நடுவில் மஞ்சளும் விளிம்பில் செம்மையும் கலந்து விரியும் 'சன்பர்ஸ்ட்' என்னும் ஒளி ஊடுருவும் பூச்சு வந்தது. பொன்னிறப் பூச்சு மரத்தை மறைத்தது. ஆகவே மேற்பலகையின் துண்டுகள் எங்கு இணைந்திருப்பினும் கேடில்லை. புதிய பூச்சின்கீழ் மரம் தெரியும். எனவே மேப்பிளை நடுவே பிளந்து, ஏட்டை விரித்தாற்போல் இரு பாதிகளையும் எதிரெதிராக வைத்து நடுக்கோட்டில் ஒட்டினர். சில பலகைகளில் அலையலையான வரிகள் தோன்றின, சிலவற்றில் தோன்றவில்லை. பூச்சிலிருந்த செந்நிறச் சாயம் வெயிலில் வெளிறும் இயல்பினது. ஆதலால் அன்று ஒருபோல் இருந்த கருவிகள் இன்று தேன்நிறம், எலுமிச்சை நிறம், மங்கிய பழுப்பு எனப் பலவாறாகக் காட்சியளிக்கின்றன. 1960இல் வெளிறாத சாயம் பயன்பாட்டிற்கு வந்தது.

ஏனைய மாற்றங்கள் சிறியன. 1959இல் மெட்டுகள் அகன்றன. தந்தியை வளைத்து வாசித்தல் எளிதாயிற்று. தண்டி 1958இல் பருத்தும், 1959இல் சற்று இளைத்தும், 1960இல் நன்கு மெலிந்தும் அமைந்தது. விற்பனை 1958இல் 434, 1959இல் 643, 1960இல் 635. முதல் தொகையில் பொன்னிறக் கருவிகளும் அடங்கும். எனவே மூன்றாண்டுகளில் செய்யப்பட்ட சன்பர்ஸ்ட் கருவிகள் 1,712க்கும் குறைவே.

8. கைவிடலும் மீட்பும்

1960ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வடிவம் கைவிடப்பட்டது. 1961இல் மெல்லிய தட்டை உடலும் இருபுற வெட்டும் இரு கூர்முனைகளும் கொண்ட புதுவடிவம் அதே லெஸ் பால் பெயருடன் வந்தது. லெஸ் பாலுக்கு அது உவப்பாக இல்லை. 1963இல் ஒப்பந்தம் முடிவுற்றது; கருவி எஸ்.ஜி. எனப் பெயர் மாறிற்று. உடல் முதலில் நீங்கியது. பெயர் பின்னர் நீங்கியது. பெயரும் வடிவமும் பிரிக்கவியலாதவை அல்ல என்பதை நிறுவனமே இவ்வாறு காட்டிற்று.

கைவிடப்பட்ட கருவிகள் மலிவான பழம்பொருள்களாகக் கடைகளில் கிடந்தன. அவற்றை மீட்டவர்கள் இசைஞர்கள். எரிக் கிளாப்டன் 1965இல் இலண்டனில் ஒரு சன்பர்ஸ்ட் கருவியை வாங்கினார். ஃபிரெடி கிங்கின் இசைத்தட்டு உறையில் பொன்னிறக் கருவியைக் கண்டதே தம்மைத் தூண்டியதென அவர் கூறியுள்ளார். ஜான் மயாலின் குழுவுடன் அவர் பதிவு செய்து 1966இல் வெளிவந்த இசைத்தொகுப்பில், மார்ஷல் வால்வு ஒலிபெருக்கியை உரத்து வைத்து அக்கருவியை வாசித்தார். அமெரிக்காவில் மைக் புளூம்ஃபீல்டும் இக்கருவியின் மீட்புக்கு வழிகோலினார்.

இங்கு நிகழ்ந்தது வடிவமைத்தோர் கருதாத ஒன்று. ஹம்பக்கர், இரைச்சலற்ற தெளிந்த ஒலிக்காக உருவாக்கப்பட்டது. ஆனால் அதன் வலுவான குறிப்பு வால்வு ஒலிபெருக்கியை அதன் எல்லைக்கு அப்பால் தள்ளியபோது, ஒலியலையின் முகடுகள் நசுங்கி, நீண்டு ஒலிக்கும் தடித்த ஓசை பிறந்தது. ஒலிப்பொறியாளர் குறையென விலக்கிய திரிபை இசைஞர் பண்பாக ஏற்றனர். திண்ம உடலின் நெடிய ஒலிநீட்சி அப்பண்பிற்குத் துணைநின்றது.

வேண்டுகை பெருகவே 1968இல் நிறுவனம் பழைய வடிவத்தை மீண்டும் வெளியிட்டது. ஆனால் வெளியிட்டவை பி-90 பிக்கப்புகள் கொண்ட பொன்னிறக் கருவியும் கரிய கஸ்டம் வகையுமே. இசைஞர் தேடியதோ ஹம்பக்கர் கொண்ட சன்பர்ஸ்ட். பல படிகள் கொண்ட நூலைப் பதிப்பிப்போர் பயில்வோர் போற்றும் படியை விடுத்து வேறொன்றைப் பதிப்பித்தாற் போன்றது இது. தன் ஆக்கத்தின் எந்த நிலை மதிக்கப்படுகிறது என்பதை ஆக்கிய நிறுவனமே அப்போது முழுமையாக உணர்ந்திருக்கவில்லை.

9. ஆக்கியோன் யார்?

மேற்கண்ட சான்றுகளைத் தொகுத்து நோக்கின், முன்னுரையில் எழுப்பிய வினாவுக்கு விடை தெளிகிறது. வளைவான மேற்பலகை ஆர்வில் கிப்சன் காலத்துக் கைவினை மரபின் வழிவந்தது. பி-90 ஃபுல்லருடையது, ஆறு தாங்கிக் குதிரை மெக்கார்ட்டியின் பெயரில் பதிவானது, ஹம்பக்கர் லவருடையது. லெஸ் பாலின் உரிமைப்பதிவு பெற்ற உறுப்பான சரிவகத் தந்திப்பிடி, ஈராண்டு நிறையுமுன் கருவியிலிருந்து நீக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டுக் கருவியில் அவர் வடிவமைத்த பகுதியெனக் காப்புரிமையால் நிறுவத்தக்கது ஒன்றுமில்லை. இவ்வகையில் மெக்கார்ட்டியின் கூற்றுக்கு உடல்சான்று அரண் செய்கிறது.

எனினும் லெஸ் பாலின் பங்கை இன்மையாகக் கருதுதல் பிழையாகும். திண்ம உடல் என்னும் கருத்தை நிறுவனம் மறுத்த காலத்தே அவர் அதனைக் கொண்டுசென்றார். பின்னர் அவர் புகழே ஐயுற்ற வணிகர்க்கு அக்கருத்தை ஏற்புடையதாக்கிற்று. பொன்னிறம், கருநிறம் ஆகியவற்றைத் தெரிந்தவர் தாமே என்ற அவர் கூற்றை மறுக்க வலுவான சான்றில்லை. அவருடைய தந்திப்பிடியின் தோல்வியும் பயனற்றதன்று. அதனைத் திருத்தும் பொருட்டே தண்டியின் சாய்வு மாறிற்று. அச்சாய்வு இன்றளவும் கருவியின் தோற்றத்தையும் கைக்கியல்பையும் வரையறுத்து நிற்கிறது. உறுப்பு நீங்கிய பின்னும் அது உண்டாக்கிய மாற்றம் நிலைத்தது.

10. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிபுகள் பின்வருமாறு:

1. 1952ஆம் ஆண்டுக் கருவியில் உடலுக்கும் தந்திப்பிடிக்கும் இடையேயுள்ள பொருத்தமின்மை, அவை வெவ்வேறு கைகளால் ஆனவை என்பதை உறுதிப்படுத்துகிறது.

2. 1953, 1955, 1957 ஆகிய ஆண்டுகளின் முதன்மை மாற்றங்கள் குறைகளைந்தவை. 1958ஆம் ஆண்டின் பூச்சு மாற்றம் சந்தை நோக்கியது. முன்கூட்டித் தீட்டப்பட்ட முழுமைத் திட்டம் எதனையும் இம்மாற்ற வரிசை காட்டவில்லை.

3. கருவியின் மீதுள்ள பெயரும் எண்ணும் ஆக்க உரிமையை உள்ளவாறு உணர்த்துவன அல்ல. ஹம்பக்கரின் எண்பிழை இதற்குத் தலையாய சான்று.

4. 1958–1960 காலத்துக் கருவியின் மதிப்பு, அதனை வடிவமைத்தோர் கருதாத முறையில் பயன்படுத்திய இசைஞரால் பின்னர் உருவாக்கப்பட்டது.

யாழின் மரபை ஆராய்ந்த விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. அடிகளுக்குக் கருவி கிட்டவில்லை, சொற்களே கிட்டின. சொற்களிலிருந்து அவர் கருவியை மீட்டெடுக்க முயன்றார். இங்கு ஆராயப்பட்ட கருவியின் நிலை இதற்கு நேர்மாறானது. கருவிகள் மிகுதியாக எஞ்சியுள்ளன. அவற்றைப் பற்றிய சொற்களே முரண்படுகின்றன. இருவகை ஆய்வுக்கும் அடிப்படை ஒன்றே: பெயரை நம்புமுன் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.